கடுகுக் கல்லும் கால்முழத் துணியும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் சங்கச் செயலாளர், "ஏதாவது டெக்னிக்கலா எழுது மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார், பம்பு, பாலம் என்று எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஷூவுக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி மாட்டுகிற ஒரு துண்டுத் துணியைப் பற்றி. அதற்குப் பெயர் கெய்ட்டர். சிரிக்காதீர்கள். அந்தத் துண்டுத் துணி இல்லாமல் போனதால் ஒரு பிராக்டிக்கல் பரீட்சையே போயிருக்கிறது. போனது என் ரூம்மேட்டுக்கு. அதில் எனக்கும் பங்கு உண்டு.

நாங்கள் மூன்றாவது செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தபோது, 2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கிராஸ் கண்ட்ரி செட் ஆறு பேர் திண்டிவனத்தில் பஸ் ஏறி செஞ்சி போனோம். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் சேர்த்து வளைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரி மட்டுமே கிட்டத்தட்ட 800 அடி உயரம். படி ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்து ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச நேரம் ஓடிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். செஞ்சிப் பாறைகள் பார்க்கத்தான் அசையாத மாதிரி இருக்கும். வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து உதிர்ந்து, அடிவாரம் முழுக்க ரவை மாதிரியும் கடுகு மாதிரியும் சரளைமணல் கிடக்கும். மழை பெய்தால் அது காலோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஓடும்போது முன்கால் தூக்கியடிக்கும் மணல் பின்கால் ஷூவுக்குள் போய் விழும்.

பாதி வழியில் ரூம்மேட் நின்றான். "மாப்ள, ஷூக்குள்ள ஏதோ குத்துது, ஒரு நிமிஷம்டா" என்றான். நான் சொன்னேன்: "அப்புறம் பாத்துக்கலாம், வாடா. மழை வலுக்கறதுக்குள்ள மேல ஏறிடலாம்."

ஏறினோம், இறங்கினோம். ஷூவைக் கழற்றினால் உள்ளே கடுகளவு கல் ஒன்று. குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து கொப்புளம். ஈரமான தோல் ஊறிப்போய் மெத்தென்று இருக்கும்; உலர்ந்த தோலைவிட அதில் உராய்வும் அதிகம். அதே கல் உலர்ந்த காலில் உறுத்தியிருந்தால் வெறும் சிவப்போடு போயிருக்கும். மறுநாள் கொப்புளம் உடைந்தது. ஹாஸ்டல் வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரில் செருப்போடு நடந்தான். மூன்றாம் நாள் கால் வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் ஜுரம். டாக்டர் ஒரு வாரம் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வாரத்தில்தான் அவனுக்கு லேத் பிராக்டிக்கல். அடுத்த செமஸ்டரில்தான் அதை எழுத முடிந்தது. அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் ஷூவுக்குள் கல் போகாமல் தடுக்க என்ன வழி என்று தேட ஆரம்பித்தேன். இதில் புதுசாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. என்.சி.சி.யில் இருப்பவர்கள் பூட்ஸுக்கு மேல் பட்டையாக ஒரு ஆங்க்லெட் கட்டுவார்களே, அதன் வேலை இதுதான். அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை காக்கித் துணியைச் சுற்றியிருப்பதைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பட்டீஸ் என்று பெயர். கட்டுத்துணி என்று பொருள்படும் 'பட்டி' என்ற இந்திச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. இமயமலைப் பக்கத்து மக்கள் குளிருக்குக் காலில் சுற்றிய துணியைப் பார்த்து வெள்ளைக்காரப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் சேற்றில் நின்றார்கள். அந்தப் பட்டீஸின் வாரிசுதான் இன்றைய கெய்ட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று ஓட்டக்காரருடையது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் டவுசர் மாதிரி இழுபடும் லைக்ரா துணி. முன்னால் ஒரு கொக்கி, அதை ஷூ லேஸில் மாட்ட வேண்டும். பின்னால் குதிகாலில் வெல்க்ரோ ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று மலையேறுபவருடையது. முழங்கால் வரை வரும். தடித்த நைலான் துணி, உள்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு, ஷூவுக்கு அடியில் பூட்டும் வார், மேலே இறுக்கும் நாடா. விலையும் உயரத்துக்குத் தகுந்த மாதிரி ஏறும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழைக்குத்தானே வாங்குகிறோம் என்று முழங்கால் உயரத்தில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்ததை 1,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு மாத மெஸ் மிச்சம் அதில் போனது. அடுத்த மழைக்கு அதை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் 6 கிலோமீட்டர் ஓடினேன். திரும்பி வந்து கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம்! ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். கெய்ட்டரைத் திருப்பிப் போட்டு, பைப்படியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

யோசித்துப் பார்த்தால் மூன்று வழி. முதலாவது ஷூவே. நாம் போடும் ஓட்ட ஷூவின் மேல்பாகம் கொசுவலை மாதிரி. பனி விழுந்த புல்லில் நூறு அடி நடந்தாலே நனைந்துவிடும். கெய்ட்டர் மூடுவது கணுக்காலை. ஷூவின் முன்பாதி திறந்துதான் கிடக்கிறது. இரண்டாவது வழி மேலேயிருந்து. அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் மழைத்தண்ணீர் தொடை, முழங்கால் வழியாக ஓடி சாக்ஸுக்குள் இறங்கும். எவ்வளவு உசந்த கெய்ட்டராக இருந்தாலும் அதன் வாய் மேல்பக்கம்தானே இருக்கிறது? மூன்றாவதுதான் பெரிய வழி. அது நம் வியர்வை.

இங்கே மெக்கானிக்கல் பசங்க கையில் வைத்திருக்கும் ஸ்டீம் டேபிளைக் கொஞ்சம் திறக்க வேண்டும். 'தண்ணீர் உள்ளே வராது, வியர்வை வெளியே போகும்' என்று விளம்பரம் செய்யும் துணிகள் உண்டு. கோர்டெக்ஸ் அதில் பெயர் பெற்றது. 1969ல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து விரித்தபோது நுண்துளைகள் கொண்ட சவ்வு கிடைத்தது. தண்ணீர்ச் சொட்டு நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள். பொய் இல்லை, நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் நீராவி தானாக நடந்து வெளியே போகாது. உள்ளே அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். உள்ளே தோலை ஒட்டிய காற்று 34 டிகிரி, முழு ஈரம் என்று வைப்போம். டேபிளில் பாருங்கள், நீராவி அழுத்தம் சுமார் 53 மில்லிபார். வெளியே ஐரோப்பிய மலை ஒன்றில் 5 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அங்கே அழுத்தம் 7 மில்லிபார்தான். வித்தியாசம் 46. அதே துணியை நம்ம விழுப்புரத்து ஐப்பசி மழையில் போடுங்கள். 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். வெளி அழுத்தம் 34 மில்லிபார். வித்தியாசம் வெறும் 19!

அதாவது அங்கே 100 சொட்டு வியர்வையை வெளியேற்றும் துணி இங்கே 40 சொட்டைத்தான் வெளியேற்றும். நாமோ அவர்களைவிட அதிகமாக வியர்க்கிறவர்கள். கோர்டெக்ஸ் கதியே இது என்றால், வெறும் பூச்சுப் பூசிய நைலானுக்குள் கால் இட்லிப் பானையில் வைத்த மாதிரிதான். என் கெய்ட்டர் அந்த இரண்டாவது ரகம். ஒரு மணி நேரம் வெந்த காலில் வேர்க்குருவும், விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வந்ததுதான் மிச்சம். சேற்றில் இறங்காமலேயே சேற்றுப்புண்!

ஆகவே நண்பர்களே, மழைக்கு கெய்ட்டர் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'வாட்டர்ப்ரூஃபா?' என்பது அல்ல. நம் ஊர் மழையில் கால் நனையத்தான் செய்யும். அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நனைந்த கால் ஒன்றும் செத்துப்போகாது, நனைந்த காலோடு கல்லும் மணலும் உராய்வதுதான் ஆபத்து. எனவே கெய்ட்டரின் வேலை கல், மணல், சேறு, புல்விதை ஆகியவற்றைத் தடுப்பது; போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வர வழிவிடுவது. இந்த இரண்டுக்கும் தடித்த பூச்சுத் துணியைவிட மெல்லிய லைக்ராவோ, பூச்சில்லாத நைலானோதான் நல்லது. பத்து நிமிஷத்தில் காற்றில் உலர்ந்துகொள்ளும்.

குளிர்ப்பிரதேசத்துக்கு இது பொருந்தாது. பனியில் நடப்பவருக்கு முழங்கால் உயரமும் வாட்டர்ப்ரூஃபும் கட்டாயம் வேண்டும். அங்கே கால் நனைந்தால் விரலே போய்விடும். நம்மில் யாராவது இமயமலைப் பயிற்சி முகாமுக்குப் போனால் அங்கே சொல்கிறபடி கேளுங்கள், என் கட்டுரையைக் காட்டிச் சண்டை போடாதீர்கள்.

மழை பேன்ட் போட்டு மெதுவாக நடக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கெய்ட்டரைப் பேன்டுக்கு மேலே மாட்டுவதா, உள்ளே மாட்டுவதா என்று ஒரு குழப்பம் வரும். ஓட்டு வீட்டுக் கூரையைப் பாருங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்கார்ந்திருக்கும், அதனால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு கீழே போகும். மாற்றி அடுக்கினால் வீடு முழுக்க ஒழுகும். அதே மாதிரி மழை மேலேயிருந்து பெய்யும்போது பேன்ட் வெளியே, கெய்ட்டர் உள்ளே. மழை நின்று, இடுப்பளவு ஈரப்புல்லிலும் முள்ளிலும் நுழைந்து போகும்போது கெய்ட்டர் வெளியே.

துணி முடிந்தது, அடுத்து பொருத்தம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கெய்ட்டரை மட்டும் தனியாகப் பார்த்து வாங்கக் கூடாது. போடப்போகும் ஷூவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். ஷூவுக்கு அடியில் வார் போகும் ரகம் என்றால் ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலுக்கு முன்னால் உள்வாங்கிய பள்ளம் இருந்தால் வார் அதில் ஒளிந்துகொள்ளும். நம்மில் பாதிப் பேர் போடுகிற கான்வாஸ் ஷூவின் அடி தட்டையாக இருக்கும். அதில் வார் நேராகத் தரையில் தேயும். செஞ்சிக் கருங்கல் படியில் என் ஆயிரத்துத் தொள்ளாயிர ரூபாய் கெய்ட்டரின் வார் ஒரே நாளில் நார்நாராகக் கிழிந்தது. தட்டை ஷூக்காரர்கள் வார் இல்லாத ஓட்டக்காரர் ரகத்துக்குப் போவது மேல்.

மேல்பட்டை ஆடுசதையில் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழையக் கூடாது. இறுக்கிக் கட்டினால் ஓடும்போது சதை புடைக்க இடமில்லாமல் மரத்துப்போகும். தளர்ந்தால் கணுக்காலில் மாலை மாதிரி வந்து விழுந்துவிடும். கீழ் ஓரம் ஷூவின் வாயை முழுக்க மூடி அதற்குக் கீழே ஒரு விரற்கடையாவது இறங்கி இருக்க வேண்டும். முன்கொக்கியை மேல் லேஸில் மாட்டாமல் விரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி லேஸில் மாட்டினால் ஓரம் எழும்பாது.

பின்பக்க வெல்க்ரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெய்ட்டரோடு தருகிற வெல்க்ரோத் துண்டை ஷூவின் குதிகாலில் ஒட்டச் சொல்வார்கள். அந்தப் பசை நம் மழைக்கு நிற்பதில்லை. ஒட்டியதோடு விடாமல், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து நாலு தையல் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஷூ கிழிந்தாலும் அது பிரியாது. சேறு அடைத்துக்கொண்டால் வெல்க்ரோ ஒட்டாது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். அதைவிடத் தொல்லை நாயுருவி விதை. பேன்டில் ஒட்டுகிற அதே விதை வெல்க்ரோவிலும் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெல்க்ரோவே அப்படி ஒரு விதையைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான். சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941ல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது தன் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த விதைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நுனியில் சின்னச் சின்னக் கொக்கிகள்! நம் ஊரில் நாயுருவியைத் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டுவிட்டோம், அவர் பேட்டன்ட் வாங்கிவிட்டார்.

துணியின் மேல் 'டெனியர்' என்று ஒரு எண் போட்டிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், முள்ளுக்குத் தாங்கும், கனமும் கூடும். நம் பக்கத்துக் கருவேல முள்ளுக்கு எந்த டெனியரும் முழுசாகத் தாங்காது. அதனால் அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

அட்டை இருக்கும் ஊருக்குப் போனால் கணக்கே வேறு. இரண்டாம் ஆண்டு முடிந்த லீவில், 2024 ஜூனில், வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கெய்ட்டரோடு ஜம்பமாக வாசலில் இறங்கியதும் மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள, அதக் கழட்டி வை. அட்டைக்கு அது வாசக்கதவு மட்டும்தான். கொல்லைக்கதவு தொறந்தே கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பசியோடு இருக்கும் அட்டை நூல் மாதிரி மெலிந்திருக்கும். லேஸ் ஓட்டை, ஷூ நாக்கின் ஓரம், கெய்ட்டருக்கும் ஷூவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு என்று எதில் வேண்டுமானாலும் நுழையும். சாதாரண சாக்ஸின் பின்னலுக்குள்ளேயே வாயை விட்டுக் கடிக்கும். அதற்கென்றே இருப்பது அட்டை சாக்ஸ். நெருக்கமாக நெய்த துணியில் பாதத்தையும் சேர்த்து முழங்கால் வரை பை மாதிரித் தைத்திருப்பார்கள். சாக்ஸுக்கு மேல், ஷூவுக்கு உள்ளே அதைப் போட்டு, பேன்டை அதற்குள் திணித்து, முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்க வேண்டும். அட்டை அதன் மேல் ஏறிக்கொண்டே போகும், உள்ளே வழி கிடைக்காது. ஏறும்போதே பார்த்துத் தட்டிவிடலாம். அதனால் வெளிர் நிறத்துணி நல்லது. உப்பு, மூக்குப்பொடி, புகையிலைத் தண்ணீர் எல்லாம் தொழிலாளிகள் வழிவழியாகச் செய்வது. மழையில் கரைந்து போவதால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை வைத்து நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சரக்கைச் செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் வழிந்துகொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம்.

இப்படிக் காடு, மலை என்று போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அனுமதி பெற்று வழிகாட்டியோடு போக 40 பாதைகளை அரசே 2024 அக்டோபரில் திறந்துவிட்டிருக்கிறது.

அடுத்து பாம்பு. கெய்ட்டர் என்றதும் "பாம்பு கடிக்காதாடா?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான், அதுவும் மழைக்காலத்தில். ஆனால் நாம் வாங்கும் சாதாரண கெய்ட்டர் கண்ணாடி விரியனின் பல்லைத் தடுக்காது. பாம்புப் பல் துளைக்காத தனி ரகம் உண்டு, அது தடித்தது, கனமானது, அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறையைக் கால் மாதிரி வைத்து, அதை ரேட்டில் பாம்பைக் கடிக்கவிட்டார்கள். மேலே ஜீன்ஸ் துணி போர்த்தியிருந்தபோது உள்ளே இறங்கிய விஷம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தொளதொளப்பான தடித்த துணி கொஞ்சம் உதவும் என்பதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்கக் கூடாது. இருட்டில் ஏரிக்கரையில் ஓடினால் டார்ச் அவசியம். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், ஓடாமல், 108க்குப் போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் நாங்கள் நாலைந்து பேர் பால் பாக்கெட்டும் பிரெட்டும் தூக்கிக்கொண்டு தண்ணீர் சூழ்ந்த ஒரு ஊருக்கு நடந்து போனோம். பீரோவில் தூங்கிய என் முழங்கால் உயர வாட்டர்ப்ரூஃப் கெய்ட்டருக்கு இப்போதாவது வேலை வந்ததே என்று மாட்டிக்கொண்டேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்த இடத்தில் அது மேல்வாய் வழியாக நிரம்பியது. மேட்டில் ஏறிய பிறகும் உள்ளே போன தண்ணீரும் சேறும் சீக்கிரம் வடியவில்லை. ஒவ்வொரு காலையும் கல்லைக் கட்டித் தூக்குகிற மாதிரி இருந்தது. ஓடும் தண்ணீரில் அதன் பரப்பு வேறு காலை இழுத்தது. கழற்றிப் பையில் திணித்துவிட்டு நடந்தேன். கூட வந்த ரூம்மேட்டை மட்டும் நான் தண்ணீரில் இறங்க விடவில்லை. அவன் காலில் அன்று சைக்கிள் பெடல் கீறிய புண் ஒன்று இருந்தது. வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் திறந்த புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வர அது போதும். "நீ மேட்டிலேயே நின்னு பாக்கெட் எடுத்துக் குடு" என்றேன். "அப்புறம் பாத்துக்கலாம், வாடா" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படியும் இறங்கியே ஆக வேண்டியவர்கள் முன்னதாகவே சுகாதாரத் துறைக்காரர்களிடம் தடுப்பு மாத்திரை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போதைக்குள் எங்கள் செட்டில் எல்லோரும் தைத்த கெய்ட்டருக்கு மாறியிருந்தோம். செய்முறை சொல்கிறேன், நம் ஒர்க்‌ஷாப் கைக்கு இது ஜுஜுபி. பழைய லைக்ரா டிராக் பேன்ட் ஒன்றின் கால்பகுதி போதும். கணுக்காலுக்கு மேலே, கெய்ட்டரின் வாய் வரும் இடத்தில் சுற்றளவை அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்து மேல்பக்கம் வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் ஷூவின் வாயைச் சுற்றி அளந்து அந்த அளவுக்கே வெட்டுங்கள். உயரம் 15 சென்டிமீட்டர். துணி குறுக்குவாட்டில் இழுபடும்படி வைத்து டெய்லரிடம் ஒரு தையல், மேல் ஓரத்துக்கு எலாஸ்டிக். முன்கொக்கிக்கு ஜாக்கெட் கொக்கி வைத்துப் பார்த்தோம், மூன்றாம் நாளே நிமிர்ந்துவிட்டது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர் இருக்கும். அதை வைஸில் பிடித்து 'எஸ்' மாதிரி வளைத்து, நுனியை அரத்தால் ராவிவிட்டால் ஆயுசுக்கும் போதும். நுனியை ராவ மறந்தால் லேஸை அறுத்துவிடும், ஜாக்கிரதை. வார் வேண்டுமென்பவர்கள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலம் வெட்டிக்கொள்ளலாம். தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டலாம், காசா பணமா? எலாஸ்டிக், வெல்க்ரோ, தையல்கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு எங்களுக்கு ஆனது 90 ரூபாய்.

ஓடிவிட்டு வந்ததும் அலசி நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய பூச்சு ரகத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் புழுக்கத்தில் பூச்சு தண்ணீரோடு வினைபுரிந்து பிசுபிசுவென்று உரியும். என்னுடையது இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஹாஸ்டலில் வந்து கேளுங்கள், சும்மாவே தருகிறேன்.

2024 டிசம்பர் நடுவில் மறுபடி செஞ்சிக்குப் போனோம். அதே ஆறு பேர், அதே அடிவாரப் பாதை, மழை பெய்து ஓய்ந்த ஈரம். ஓடி முடித்து ராஜகிரி ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவின் குறுக்கே இருக்கும் பாலத்துப் பக்கம் வந்ததும் நானே எல்லோரையும் நிறுத்தி, "உட்காருங்கடா, ஷூவக் கழட்டுங்க" என்றேன். ரூம்மேட் தன் ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்சம் தண்ணீரும் ஒரே ஒரு மணலும் விழுந்தன. அந்த மணலை விரல் நுனியில் ஒட்டி எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "இத எந்தப் பக்கமா உள்ள விட்ட?" என்று கேட்டான். திருப்பிப் பார்த்தேன். பின் வெல்க்ரோவில் ஒரு தையல் விட்டிருந்தது.